என்புகளின் சாட்சியமும் நீதிமன்றத்தின் கடமையும்

2025ஆம் ஆண்டிலே செம்மணி மண் மீண்டும் ஒருமுறை வாய்திறந்தது. யாழ்ப்பாணத்து அரியாலைப் பகுதியிலே, சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித என்புகள் வெளிப்பட்டன. நீதவான் நீதிமன்றத்தின் கட்டளைப்படி அகழ்வு தொடங்கிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் இரண்டாங் கட்ட அகழ்வு நிறைவெய்தியபோது 200க்கும் மேற்பட்ட என்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டிருந்தன. சிறுவருடைய என்புகளும் அவற்றுள் இருந்தன. ஒரு குழந்தையின் என்புகளுடன் நீலநிறப் பாடசாலைப் பையொன்றும் கிடைத்தது.

இச்செய்தி கேட்டுக் கலங்காத நெஞ்சம் நெஞ்சமன்று. ஆயினும், கண்ணீர் சாட்சியமாகாது. நீதிமன்றத்திலே நிற்பது நிரூபணம் ஒன்றே. அந்த நிரூபணம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றி இரண்டு குரல்கள் நாட்டிலே ஒலிக்கின்றன. "விஞ்ஞான அறிக்கை வரட்டும், பொறுத்திருங்கள்" என்பது ஒரு குரல். விஞ்ஞானம் என்பது ஏதோ ஓர் ஆள் போலவும், அவர் ஒரே அறிக்கையிலே எல்லாவற்றையும் எழுதி முத்திரையிட்டு அனுப்பிவிடுவார் போலவும் அக்குரல் பேசுகின்றது. "எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவர் யார் என்பது எங்களுக்குத் தெரியும், அதை விஞ்ஞானம் வந்தா சொல்லவேண்டும்?" என்பது மற்றக் குரல். இது நம்மிடையே எழுவது. முன்னதில் வஞ்சகம் இருக்கலாம். பின்னதில் வேதனை இருக்கின்றது. ஆனால் இரண்டுமே நீதிக்கு வழிகாட்டமாட்டா.

விஞ்ஞானம் ஒன்றன்று, பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வினாவுக்கே விடை தரவல்லது. அவ்விடைகள் யாவும் ஒரே நீதிபதியின் முன் கூடும்போதுதான் குற்றம் நிரூபணமாகும். ஒன்றைமட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவைப்பவர் எவராயினும், அரசாங்கமாயினும் சரி, நாமாயினும் சரி, உண்மைக்கு வழியடைப்பவரே. இதனைத் தமிழ் பேசும் மக்கள் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டிய வேளை இது.

நிபுணரும் கூண்டிலேறவேண்டும்

நமது நாட்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. விஞ்ஞானத்திலோ கலையிலோ விசேட தேர்ச்சி பெற்றவரின் அபிப்பிராயத்தை நீதிமன்றம் ஏற்கலாம் என்று அதன் 45ஆம் பிரிவு விதிக்கின்றது. "அபிப்பிராயம்" என்ற அச்சொல்லைக் கவனிக்க வேண்டும். நிபுணர் தீர்ப்பளிப்பவரல்லர், அவரும் ஒரு சாட்சியே. அவரும் கூண்டிலேறி, சத்தியஞ் செய்து, குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுக்க வேண்டியவரே.

இதற்குச் சான்று தேடி நாம் கடல்கடந்து போகவேண்டியதில்லை. புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவம் தமது மனைவியைக் கொன்றார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கு 1953இல் கொழும்பிலே யூரிமார் முன் விசாரணைக்கு வந்தது. கொலை 1951 ஒக்டோபரில் நிகழ்ந்தது. மரணம் நேர்ந்தது எத்தனை மணிக்கு என்பதே வழக்கின் அச்சாணியாக இருந்தது. இறந்த உடலின் சூடு எவ்வளவு விரைவாகத் தணிகின்றது என்பதைச் சட்ட வைத்தியத் துறைப் பேராசிரியர் டி சேரம் ஆராய்ந்து சாட்சியமளித்தார். எதிரியின் பக்கத்தில் எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி சிமித் வரவழைக்கப்பட்டார். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். முடிவிலே சதாசிவம் குற்றவாளியல்லர் என்று யூரிமார் தீர்மானித்தனர்.

ஒருவருடைய உயிர் ஊசலாடிய அவ்வழக்கிலே, "விஞ்ஞானம் சொல்லிவிட்டது, இனிப் பேச்சில்லை" என்று எவரும் வாய்மூடி இருக்கவில்லை. நிபுணரின் ஒவ்வொரு கணக்கும் திறந்த மன்றிலே சோதிக்கப்பட்டது. ஒரு மரணத்துக்கு அவ்வளவு சோதனை நடந்த நாட்டிலே, நூற்றுக்கணக்கான மரணங்களுக்கு ஒரு பரிசோதனைக்கூடத்தின் கடிதம் போதுமா?

எந்த விஞ்ஞானம் எதைச் சொல்லும்?

முதலாவது சாட்சி தொல்பொருளியலாளர். மண்ணின் அடுக்குகளை அவர் வாசிக்கிறார். குழி எப்போது வெட்டப்பட்டது, அதன் விளிம்பு எங்கே, உடல்கள் ஒழுங்காகக் கிடத்தப்பட்டனவா அன்றி ஒன்றன்மேல் ஒன்றாக எறியப்பட்டனவா என்பனவற்றை அவரே கூறவல்லவர். சித்துப்பாத்தி ஒரு மயானம். "மயானத்திலே என்பு இருப்பதில் என்ன வியப்பு?" என்ற கேள்வியை எதிர்த்தரப்புக் கட்டாயம் எழுப்பும். அக்கேள்விக்கு மரபணு விடைதராது. மண்ணடுக்கும் உடல் கிடந்த நிலையுமே விடைதரும். 2025 ஓகஸ்டில் நிலத்தை ஊடுருவும் ராடார் கருவி கொண்டு அங்கே சோதித்ததும் இதன் பாற்பட்டதே. அக்கருவி என்பைக் காட்டுவதில்லை. மண் குலைந்துள்ள இடத்தையே காட்டும்.

இரண்டாவது சாட்சி மானிடவியலாளர். இடுப்பென்பையும் மண்டையோட்டையும் கொண்டு ஆணா பெண்ணா என்பதையும், தொடையென்பின் நீளத்தைக் கொண்டு உயரத்தையும், பற்களைக் கொண்டு வயதையும் அவர் கணிப்பார். முதிர்ந்தோரின் வயதைக் கணிப்பதிலும் பார்க்கக் குழந்தையின் வயதைக் கணிப்பது திருத்தமானது. பாற்பற்கள் எப்போது முளைக்கும், நிலையான பற்கள் தாடைக்குள்ளே எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பனவற்றுக்கு ஏறக்குறைய வரையறுத்த காலம் உண்டு. குழந்தையின் என்பு பொய்ச்சாட்சி சொல்வது அரிது.

மூன்றாவது சாட்சி சட்ட வைத்திய அதிகாரி. உயிருள்ள என்பு பச்சைமரம் போலப் பிளக்கும். காய்ந்த என்பு மட்பாண்டம் போல உடையும், உடைந்த விளிம்பும் வேறு நிறமாயிருக்கும். எனவே மரணவேளையில் நேர்ந்த முறிவையும், பின்னர் மண்வெட்டி பட்டு நேர்ந்த முறிவையும் அவர் பிரித்தறிவார். குண்டு துளைத்த மண்டையோட்டிலே, அது புகுந்த துவாரம் உட்புறத்தில் அகன்றும் வெளியேறிய துவாரம் வெளிப்புறத்தில் அகன்றும் இருக்கும். ஆகவே, சுட்டவன் எதிரே நின்றானா, பின்னே நின்றானா என்பதையும் என்பு சொல்லும். போரிலே வீழ்ந்தவருக்கும் முழந்தாளிட்டுக் கொல்லப்பட்டவருக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய அடையாளங்களிலேதான் இருக்கின்றது.

நான்காவது சாட்சி பௌதிகமும் இரசாயனமும். 1949இல் வில்லார்ட் லிபி காட்டிய காபன்-14 முறை பழம்பொருளின் வயதைக் கணிப்பது. அணுகுண்டுப் பரிசோதனைகள் அதற்குப் புதியதொரு பயனை உண்டாக்கின. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வெளியில் வெடித்த குண்டுகளால் வளிமண்டலத்திலே காபன்-14இன் அளவு ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் அது படிப்படியாகக் குறைந்தது. அக்காலத்தின் பின் வாழ்ந்த ஒவ்வொரு மனிதனின் உடலிலும் அந்த முத்திரை பதிந்துள்ளது. பல்லின் மேற்படலமாகிய மிளிரி சிறுவயதில் உருவானபின் மாறுவதில்லை. எனவே அதிலுள்ள காபனைக் கொண்டு ஒருவர் பிறந்த ஆண்டையே அண்ணளவாகக் கூறலாம் என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2005இல் காட்டினர்.

ஐந்தாவது சாட்சி மரபணு. இவர் யார், யாருடைய பிள்ளை என்ற வினாவுக்கு விடை தருவது இதுவே. ஆயினும் கொன்றவர் யார், எப்போது கொன்றார் என்பவற்றை இது சொல்லாது. ஒப்பிடுவதற்கு உறவினரின் மரபணு இல்லாவிடின் பெயரைக்கூடச் சொல்லாது.

மன்னாரும் மாத்தளையும் கற்பித்த பாடம்

இத்தனை சாட்சிகளுள் ஒருவரை மாத்திரம் அழைத்தால் என்ன நேரும் என்பதை மன்னாரிலே கண்டோம். 2018இல் மன்னார் நகரத்துச் சதொச வளாகத்திலே கட்டட வேலையின்போது புதைகுழி வெளிப்பட்டது. 300க்கும் மேற்பட்ட என்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று 2019 மார்ச்சில் முடிவு வந்தது. அத்துடன் விடயம் முடிந்துவிட்டது என்று பலர் எழுதினர், பேசினர்.

அந்த முடிவைக் கேட்டவுடன் "இது பொய்" என்று கூறியவர்களோடு நான் உடன்படேன். காபன் முறை வலிமையான முறை. 1990களில் வாழ்ந்த ஒருவரின் என்பை 500 ஆண்டு பழையதென்று அது எளிதிலே மயங்கிக் கூறாது. நமக்குப் பிடித்த முடிவைத் தரும்போது விஞ்ஞானத்தைப் போற்றி, பிடியாத முடிவைத் தரும்போது தூற்றுவோமாயின், நாளை செம்மணியிலே நமக்குச் சார்பான முடிவு வரும்போது அதை ஏற்கும்படி பிறரைக் கேட்க நமக்கு என்ன முகம் இருக்கும்?

ஆனால் எழவேண்டிய வினா வேறு. ஆறு மாதிரிகளைப் பற்றிய விடை 300 பேருக்கும் விடையாகுமா? அவ்விடத்தை இரண்டு பகுதிகளாகக் காணலாம் என்றும், ஒன்று ஒழுங்கான மயானம் போன்றது, மற்றதிலே உடல்கள் ஒழுங்கின்றி இடப்பட்டுள்ளன என்றும் அகழ்வை நடத்திய தொல்பொருளியலாளரே கூறியிருந்தார். அங்ஙனமாயின் அந்த ஆறும் எப்பகுதியைச் சேர்ந்தவை? தெரிந்தெடுத்தவர் யார்? எந்த அளவுகோல் கொண்டு தெரிந்தெடுத்தார்? பழைய மயானத்தின்மேல் புதிய குற்றம் புதைக்கப்பட முடியாதா? இவ்வினாக்களுக்குக் காபன் விடைசொல்லாது. பரிசோதனைக்கூடம் தன்னிடம் கேட்கப்பட்டதற்கு விடை சொன்னது. தவறு, கேட்கப்படாதவற்றுக்கும் அதனையே விடையாகக் கொண்டதிலேயாகும்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2012 நவம்பரில் மாத்தளை மருத்துவமனை வளாகத்திலே 150க்கும் மேற்பட்டோரின் என்புகள் வெளிப்பட்டன. அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்பது தொல்பொருளியலாளரின் அபிப்பிராயம். பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு காபன் பரிசோதனையை ஆதாரமாகக் கொண்டு, அவை 1950க்கு முற்பட்டவை என்று முடிவுசெய்தது. இரு விஞ்ஞானங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுமாயின் இருவரையும் ஒரே மன்றிலே நிறுத்தி விசாரிப்பதன்றோ நீதி? கிளர்ச்சிக் காலத்திலே பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மாரும் நம் தாய்மாரைப் போலவே விடையின்றி விடப்பட்டனர். என்புக்கு இனமில்லை, அதை மூடும் மண்ணுக்கும் இனமில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயிலே 2023இல் நீர்க்குழாய் பதிக்கும்போது வெளிப்பட்ட புதைகுழி வேறொரு பாடம். அங்கே 52 என்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. உடன் கிடைத்த பொருள்களையும் ஏனைய சான்றுகளையும் ஆராய்ந்து, 1994க்கு முன்னரோ 1996க்குப் பின்னரோ அவ்வுடல்கள் புதைக்கப்பட்டிருக்க முடியாதென்று தொல்பொருளியல் அறிக்கை கூறிற்று. உடையும் உடைமையும்கூட, அறிந்து கேட்பவருக்குச் சாட்சி சொல்லும்.

கூட்டுச் சாட்சியத்தின் வலிமை

எல்லா விஞ்ஞானங்களையும் ஒருங்கே அழைத்தால் என்னாகும் என்பதற்குப் பொஸ்னியா சான்று. 1995 யூலையில் சிரெப்ரெனிக்காவிலே 8,000 வரையிலான ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் பின்னர் குழிகளைத் தோண்டி, உடல்களை இயந்திரங்களால் வாரி, தொலைவிலே வேறு குழிகளில் மறைத்தனர். ஒருவருடைய என்புகளே பல குழிகளிலே சிதறிக்கிடந்தன. சர்வதேச நீதிமன்றத்தின் புலனாய்வாளர் மண்ணையும் மகரந்தத்தையும் ஆராய்ந்து, எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு உடல்கள் கொண்டுசெல்லப்பட்டன என்று காட்டினர். வெற்றுத் தோட்டாக்களும், கண்களையும் கைகளையும் கட்டிய துணிகளும் அதனை உறுதிசெய்தன. இறந்தோர் கட்டியிருந்த கைக்கடிகாரங்கள், கையசைவு நின்றபின் ஓரிரு நாள் ஓடி ஓய்வனவாகையால், அவை காட்டிய தேதியும் மரணநாளுக்குச் சான்றாயிற்று. உறவினரின் இரத்த மாதிரிகளைக் கொண்டு 7,000 பேருக்கு அண்மையானோரின் பெயர்கள் மரபணு வழியாக நிலைநாட்டப்பட்டன. மண்ணும் மகரந்தமும் துணியும் கடிகாரமும் இரத்தமும் ஒரே திசையைச் சுட்டியபோது, மறுப்பவரின் வாய் அடைபட்டது. தளபதி ஒருவர் 2001இல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார்.

நமது நாட்டு நடைமுறையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஏற்க மறுத்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்ததாயின் ஏற்கலாம் என்று விதித்தது. நம் இளைஞர் எத்தனை பேர் தங்கள் கையொப்பத்தாலேயே சிறைப்பட்டனர் என்பதை நாடறியும். வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கக் கற்ற அரசு, என்பை வைத்து விசாரிக்க ஏன் கற்கும்? இங்கிலாந்திலே 1986இல் மரபணுச் சோதனை முதன்முதலாகக் கொலைவழக்கொன்றிலே பயன்பட்டபோது, அது செய்த முதற்காரியம் ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்த இளைஞன் நிரபராதி என்று காட்டியதே. உண்மைக் கொலையாளி அதன் பின்னரே அகப்பட்டான். விஞ்ஞானம் குற்றவாளிக்குப் பகை. அதேயளவுக்கு நிரபராதிக்குத் துணை.

தாய்மாரின் இரத்தம் ஆவணமாகும்

இனி, நாள் கடத்தவொண்ணாத விடயத்துக்கு வருகிறேன். கிருசாந்தி குமாரசாமி கொலைவழக்கிலே 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவத்தினன் ஒருவன், 300 முதல் 400 வரையிலான உடல்கள் செம்மணியிலே புதைக்கப்பட்டுள்ளன என்று மன்றிலே கூறினான். 1999இல் அகழ்வு நடந்தது. 15 உடல்கள் எடுக்கப்பட்டன. இருவர் 1996இல் காணாமற்போனவர்கள் என அடையாளங் காணப்பட்டனர். அதற்குமேல் நீதி நகரவில்லை. கால் நூற்றாண்டு கழிந்தபின் அதே செம்மணியிலே மண்வெட்டி மறுபடியும் என்பிலே பட்டது.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? என்பு மண்ணுக்குள் காத்திருந்தது. காத்திருக்க முடியாத தாய்மார் இறந்துகொண்டிருந்தனர். பிள்ளையின் படத்தை ஏந்தித் தெருவோரம் அமர்ந்திருந்த தாய் ஒருவர் கண்மூடும்போது போராளி ஒருவர் மறைகிறார் என்று நாம் துக்கம் கொண்டாடுகிறோம். அவரோடு ஒரு சாட்சியமும் எரிகின்றது என்பதை எண்ணுகிறோமா? அவருடைய இரத்தத்திலே இருந்த மரபணுதான் அந்த என்புக்குப் பெயர் சொல்ல வல்லதாயிருந்தது. தூரத்து உறவினரின் மரபணு தாய் தந்தையருடையதைப் போல எளிதிலும் உறுதியாயும் விடைதராது.

ஆர்ஜென்டீனா நாட்டுப் பாட்டிமார் இதை நன்கறிந்தனர். இராணுவ ஆட்சியிலே பிள்ளைகள் கொல்லப்பட்டு, பேரக்குழந்தைகள் களவாடப்பட்டபோது, "நாங்கள் இறந்தாலும் எங்கள் இரத்தம் சாட்சி சொல்லவேண்டும்" என்ற எண்ணத்தோடு அவர்கள் விஞ்ஞானிகளை நாடினர். அதன் பயனாக 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி நிறுவப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தம் மெய்யான குடும்பத்தை அறிந்தனர்.

"நம்மைத் துன்புறுத்திய அரசின் கையிலே நம் இரத்தத்தையும் கொடுப்பதா?" என்று நம்மவர் கேட்பது நியாயமான கேள்வி. விடை, கொடாமலிருப்பதன்று, தக்க காவலோடு கொடுப்பதே. மாதிரிகள் நீதிமன்றத்தின் காவலிலே, சர்வதேச நிபுணரின் மேற்பார்வையிலே இருக்கவேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒருபாதி வேறோர் இடத்தில் பாதுகாக்கப்படவேண்டும். உறவைக் கண்டறிவதற்கன்றி வேறெதற்கும் அவை பயன்படலாகாதென்று சட்டம் தடைவிதிக்கவேண்டும்.

நாம் கேட்கவேண்டுவனவும் செய்யவேண்டுவனவும்

முதலாவதாக, எந்தப் புதைகுழி விசாரணையும் ஒரே பரிசோதனையின் முடிவைக்கொண்டு மூடப்படலாகாது. மாதிரிகளைத் தெரிந்தெடுக்கும்போது உறவினரின் சட்டத்தரணிகளும் அவர்கள் நியமிக்கும் நிபுணரும் உடனிருக்கவேண்டும். சந்தேகத்துக்கிடமான மரணங்களை விசாரிப்பதற்கென ஐக்கிய நாடுகள் வகுத்து 2016இல் திருத்திய மினசோட்டா நெறிமுறை, எடுத்தது முதல் மன்றிலே ஒப்படைப்பது வரை ஒவ்வொரு பொருளும் யார் கையில் இருந்தது என்ற பதிவைக் கோருகின்றது. அப்பதிவு இல்லையேல் சிறந்த விஞ்ஞானமும் பயனற்றது.

இரண்டாவதாக, தனிமரணங்களுக்கென வகுத்த மரண விசாரணை முறையைக்கொண்டு பெரும் புதைகுழிகளை விசாரிப்பது, கைவிளக்கைக் கொண்டு கடலைத் தேடுவதாகும். இதற்கெனத் தனிச்சட்டம் வேண்டும். காணாமற் போனோர் அலுவலகத்தை நிறுவிய 2016ஆம் ஆண்டுச் சட்டம், அதன் முடிவுகளிலிருந்து குற்றப்பொறுப்போ குடியியற்பொறுப்போ எழாது என்றே விதித்தது. என்புகளைக் கண்டறிவோர் ஒருபுறமும் வழக்குத் தொடுப்போர் மறுபுறமுமாக நின்றால் உண்மை நடுவிலே விழுந்துபோகும். அரசுக்குச் சட்ட ஆலோசகராயிருக்கும் சட்டமா அதிபரே, அரசின் படையினர்மேல் வழக்குத் தொடுப்பதா என்றும் தீர்மானிக்கும் நிலை மாறவேண்டும். சுதந்திரமான வழக்குத்தொடுநர் வேண்டும்.

மூன்றாவது கடமை நம்முடையது. அரசு செய்யட்டும் என்று காத்திராமல், நமது கிளைகளும் சங்கங்களும் இன்றே ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவரின் உயரம் என்ன, எந்தக் கை அல்லது கால் என்றைக்காவது முறிந்தது, எந்தப் பல் பிடுங்கப்பட்டது, கடைசியாக உடுத்திருந்தது யாது, கையிலோ கழுத்திலோ அணிந்திருந்தது யாது என்பனவற்றைத் தாயின் வாயாலே கேட்டு, தேதியிட்டு எழுதி, கையொப்பம் பெற்றுப் பாதுகாக்கவேண்டும். பழைய வைத்தியக் குறிப்புகளையும் எக்ஸ்-கதிர்ப் படங்களையும் தேடி வைக்கவேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஓர் அப்பியாசக் கொப்பியும் பேனாவும் போதும். மானிடவியலாளர் என்பிலே முறிவொன்றைக் கண்டு நிற்கும்போது, "இவர் பத்து வயதிலே மரத்தால் விழுந்து இடக்கை முறிந்தவர்" என்ற ஒரு வரி அவரிடம் இருக்குமாயின், அது ஆயிரம் மேடைப்பேச்சுக்குச் சமம்.

2025 ஓகஸ்டில் செம்மணியிலே கிடைத்த பொருள்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. தாய்மாரும் சகோதரிகளும் வரிசையிலே நின்று அவற்றைப் பார்த்தனர். அந்த வரிசை ஆண்டுதோறும் குறுகிக்கொண்டே போகின்றது. என்புகள் இன்னும் பல்லாண்டு பொறுத்திருக்கும். அவற்றுக்குப் பெயர் சொல்ல வல்லோர் பொறுத்திரார். விஞ்ஞானங்கள் யாவும் சாட்சி சொல்ல ஆயத்தமாக நிற்கின்றன. அவற்றை அழைக்கும் கட்டளையை நீதிமன்றம் பிறப்பிக்கட்டும். அவற்றுக்கு வேண்டிய குறிப்பை நாம் எழுதத் தொடங்குவோம்.